செலவைக் குறைக்கச் சொன்ன அந்த ஏழாவது யோசனை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் குடும்பச் செலவைக் குறைக்கப் பத்து யோசனைகள் வந்திருந்தன. என் மனைவி அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து மளிகைச் சீட்டோடு வைத்துக்கொண்டாள். ஒன்பது யோசனைகளில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஏழாவதாகப் போட்டிருந்ததுதான் இரண்டு நாளாக மனதை அறுக்கிறது. "கை நெருக்கடியான மாதங்களில் நன்றாக ஓடும் வண்டிக்கான சர்வீஸ், தொந்தரவு எதுவும் இல்லாதபோது செய்துகொள்ளும் ரத்தப் பரிசோதனை போன்றவற்றைத் தள்ளிப்போடலாம்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அது தவறு. ஏன் தவறு என்று சொல்ல எனக்கு இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன. ஒன்று என் வேலை. இன்னொன்று என் அண்ணன்.

நான் 1984 முதல் 2017 வரை கோவையில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவன். ரிங் ஃபிரேம்தான் என் பிரிவு. பஞ்சு கடைசியாக நூலாக முறுக்கேறும் மெஷின் அது. அதில் நூல் சுற்றிக்கொள்ளும் கதிருக்கு ஸ்பிண்டில் என்று பெயர். ஒவ்வொரு ஸ்பிண்டிலைச் சுற்றியும் ஒரு வளையம். அந்த வளையத்தின் விளிம்பில் டிராவலர் என்று ஒரு சின்னக் கொக்கி ஓடும். வளைத்த நகத்துண்டு போல இருக்கும். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட எடை தேறாது. ஸ்பிண்டில் நிமிடத்துக்குப் பதினாறாயிரம், பதினேழாயிரம் சுற்று சுற்றும்போது அந்தக் கொக்கி இரும்போடு இரும்பாக உரசிக்கொண்டே பறக்கும். தேய்ந்துவிடும். தேயத்தான் வேண்டும். வளையம் விலை அதிகம், கொக்கி விலை குறைவு என்பதால் கொக்கி தேயட்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அதை எப்போது மாற்றுவது? உடைந்த பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவதில்லை. நூல் நம்பரை, அதாவது நூலின் பருமனைப் பொறுத்து இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. அந்த நாள் வந்தால் ஃபிரேமை நிறுத்தி அத்தனை டிராவலரையும் கழற்றிவிட்டுப் புதிது போடுவோம். கழற்றியதில் பாதி இன்னும் ஓடக்கூடிய நிலையில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது அநியாயமாகப் பட்டது. "நல்லாத்தானுங்க இருக்குது, எதுக்குங்க எறியறோம்?" என்று என் மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து இழுத்துப் போய், மாற்ற மறந்துபோன ஒரு ஸ்பிண்டிலின் வளையத்தில் என் விரல் நுனியை வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது, ஓரிடத்தில் சொரசொரவென்று ஒரு கீறல். இனி அந்த வளையத்தில் எத்தனை புதுக் கொக்கி போட்டாலும் நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும். வளையத்தையே மாற்ற வேண்டும். அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு காலம் வந்தது. நிர்வாகத்தில் புதிதாக ஒருவர் பொறுப்பேற்றார். ஓடுகிற மெஷினை நிறுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. கிரீஸ் வைக்கும் நாட்கள் தள்ளிப்போயின. ஓவர்ஹாலிங்குக்கு இருந்த ஆட்களில் பாதிப் பேரை உற்பத்திப் பக்கம் அனுப்பினார். இங்கேதான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல் ஆறு மாதம் எல்லாக் கணக்கும் நன்றாக இருந்தது. உற்பத்தி கூடியது, செலவு குறைந்தது, அவருக்குப் பாராட்டும் கிடைத்தது. பராமரிப்பை நிறுத்தினால் மறுநாளே எதுவும் கெட்டுப்போவதில்லை. முதலில் லாபமாகத்தான் தெரியும். தள்ளிப்போடுகிறவர்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான்.

நாங்கள் பேரிங் சத்தம் கேட்க நீளமான ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்போம். முனையை பேரிங் கூட்டின் மேல் அழுத்தி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்தால் உள்ளே நடப்பது கேட்கும். நல்ல பேரிங் ஒரே சீராக 'ம்ம்ம்' என்று இருக்கும். காய்ந்துபோனது மணலை மென்ற மாதிரி கரகரக்கும். ஒரு ராத்திரி ஷிஃப்டில் பதினோராம் நம்பர் ஃபிரேமில் அந்தக் கரகரப்பைக் கேட்டேன். பதிவேட்டில் எழுதிவைத்தேன். நிறுத்த அனுமதி வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் பேரிங் இறுகி, ஷாஃப்ட்டே அறுபட்டுப் போய்விட்டது. அந்தச் சூட்டில் சுற்றிப் படிந்திருந்த பஞ்சுத் தூசியில் நெருப்புப் பிடித்தது. நல்லவேளை, பக்கத்தில் ஆள் இருந்ததால் உடனே அணைத்தோம். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அந்த ஃபிரேம் பத்தொன்பது நாள் சும்மா நின்றது. அரை மணி நேரம் நிறுத்தி ஒரு கை கிரீஸ் வைத்திருந்தால் போதும்.

வீட்டிலும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஒரு தம்பி, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவன், 'வண்டி நல்லாத்தானே ஓடுது' என்று ஒன்றரை வருஷம் என்ஜின் ஆயில் மாற்றவில்லை. பல்லடம் போகும் வழியில் என்ஜின் இறுகிப்போய் நின்றது. சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்ற எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. நானூறு, ஐந்நூறு ரூபாய் ஆயிலுக்கு வந்த வினை. மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் வாயை வேப்பிலை அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்குகிறது. அது மெல்ல இறங்கித் தளத்துக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருவேறிய கம்பி வீங்கும், வீங்கினால் காரை பெயரும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் விளக்குமாற்றோடு மாடிக்குப் போவதற்குக் காசே வேண்டாம். சமையல் கேஸ் ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். உங்கள் வீட்டுக் குழாய் எந்த வருஷத்தது என்று இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

இனி அண்ணன் விஷயம்.

அண்ணன் கோவையில் கணபதி என்ற பகுதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். அவரைப் போல மெஷினைப் பார்த்துக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை மாலையானால் பையன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தானே லேத்தின் பெட் பகுதியை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, எண்ணெய் விட்டுவிட்டுத்தான் போவார். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதெல்லாம் எல்லாப் பட்டறையிலும் நடப்பது. அவருக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆயுத பூஜை. அவரிடம் இருந்த பெரிய லேத்துக்கு என் வயதில் பாதி. இன்றைக்கும் நூலிழை பிசகாமல் வெட்டுகிறது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரை போட்டார். ஆனால் பரிசோதனைக்குப் போகமாட்டார். மாத்திரைச் சீட்டு கிழிந்துபோனால் மட்டும் டாக்டரிடம் போவார். "அண்ணா, மூணு மாசச் சராசரி ஒருதரம் பாத்துருங்க, கிட்னிக்கும் பாத்துருங்க" என்று நானும் தீபாவளி, பொங்கல் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "எனக்கென்னடா, மலையாட்ட இருக்கறேன். சும்மா கெடக்கற உடம்பைக் குத்தி எதுக்கு ஆயிரம் ரூவா குடுக்கோணும்?" என்பார். அந்த ஆயிரம் அவருக்கு இல்லாத காசல்ல. லேத்துக்கு நல்ல எண்ணெய் வாங்கக் கணக்குப் பார்க்காத மனுஷன்.

பன்னிரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒருநாள் செருப்பு நுழையவில்லை என்று அண்ணி போன் செய்தார். கால் வீங்கியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ஆறைத் தாண்டியிருந்தது. ரத்த அழுத்தமும் அதிகம், அது எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியாது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்ததும் முதலில் சிறுநீரில் கொஞ்சம் புரதம் கசியும், அது ஒரு சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அந்தக் கட்டத்தில் மாத்திரையாலும் கட்டுப்பாட்டாலும் பல வருஷம் தள்ளிக்கொண்டு போகலாம், கால் வீங்கி வரும்போது பெரும்பாகம் போயிருக்கும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸுக்காக இடது கையில் ஃபிஸ்டுலா வைத்தார்கள். ரத்தக்குழாய் இரண்டை இணைத்து வைக்கும் சின்ன ஆபரேஷன். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் பாய்வது அதிர்வாகத் தெரியும், தெரிந்தால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் என் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். "நல்லா ஓடுதாடா?" என்று கேட்டார். முப்பத்து மூன்று வருஷம் பேரிங் பார்த்த விரல்தானே. "ஓடுதுங்கண்ணா, சீராத்தான் ஓடுது" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

வாரம் இரண்டு முறை, தடவைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் நடந்தது. அதற்காக அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஆட்டோ வாடகை, ஊசி மருந்து, பட்டறை பூட்டிக் கிடந்த நாட்கள், அண்ணி வேலையை விட்டது, இதற்கெல்லாம் எந்தத் திட்டமும் இல்லை. சின்ன லேத்தை விற்றார். மூன்று வருஷம் அப்படி ஓடியது. போன ஆடியில் போய்ச் சேர்ந்தார்.

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. மெஷின் கெடுவதற்கு முன்னால் சத்தம் போடும். கரகரக்கும், சூடாகும், கருகல் வாடை வரும். காது உள்ளவன் பிடித்துவிடலாம். உடம்பு அப்படி இல்லை. ரத்த அழுத்தம் ஏறும்போது பெரும்பாலும் எந்தச் சத்தமும் கேட்காது. சர்க்கரை கண்ணின் விழித்திரையைத் தின்னும்போது ரொம்ப நாள் பார்வை சரியாகத்தான் இருக்கும். சிறுநீரகமும் அப்படியே. 'தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சு மெஷினுக்காவது ஓரளவு பொருந்தும். உடம்புக்குப் பொருந்தவே பொருந்தாது. உங்கள் ஏழாவது யோசனையில் 'தொந்தரவு எதுவும் இல்லாதபோது' என்று போட்டிருந்தீர்களே, என் அண்ணனும் அதையேதான் பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்காகக் கண்டதற்கெல்லாம் காசு கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பேரிங்குக்கு அளவுக்கு மேல் கிரீஸ் அடைத்தாலும் சூடேறிக் கெட்டுப்போகும். புது ஃபிட்டர்கள் செய்யும் தப்பு அது. 'எண்பது பரிசோதனை, பாதி விலை' என்று விளம்பரம் வருகிறதே, அதில் பாதி நமக்கு வேண்டாதது. என் வயதுக்கும் என் உடம்புக்கும் எது வேண்டும் என்று நம்மைத் தெரிந்த ஒரு டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் போதும். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி பார்ப்பதும், ரத்த அழுத்தம் பார்ப்பதும், வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் புரதம், கிரியாட்டினின், கண், பாதம் இவற்றைப் பார்த்துக்கொள்வதும் அநாவசியம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார்.

கையில் காசு இல்லாதவர்களிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். பராமரிப்புக்கு ஆகும் பணத்தை மாதம் நூறு, இருநூறாகச் சேர்த்துவிடலாம். பழுதுக்கு ஆகும் பணம் ஒரே நாளில் வேண்டும். அதை வட்டிக்குத்தான் வாங்க முடியும். எங்கள் மில் லைன் வீடுகளில் கந்துவட்டியில் சிக்கிய குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், கல்யாணத்துக்கு அடுத்தபடி திடீர் ஆஸ்பத்திரிச் செலவுதான் காரணமாக இருக்கும்.

பல வசதிகள் ஏற்கெனவே இருக்கவும் செய்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார்கள். எங்கள் தெருவில் அந்தப் பெண் வரும்போது உள்ளே இருந்துகொண்டே 'வெளியே போயிருக்காருங்க' என்று சொல்லச் சொல்லும் ஆண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் மருத்துவ முகாம் ஒன்றுக்கு நானும் மனைவியும் போய்வந்தோம். கூட்டம் இருந்தது, அரைநாள் ஆனது, ஆனால் எல்லாம் பார்த்துவிட்டார்கள். இன்னொன்று, என்னைப் போன்ற மில் தொழிலாளிகளில் நிறையப் பேருக்குத் தெரியாதது. தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருஷம் இருந்து பணி ஓய்வு பெற்றவர்கள், மாதம் 10 ரூபாய் கணக்கில் வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதி தொடரும். ஒரு வேளை டிபன் காசு. என்னோடு ஓய்வு பெற்றவர்களில் பாதிப் பேர் இதைக் கட்டவில்லை. நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரசிடமும் ஒரு கோரிக்கை. வருமான வரியில் முன்தடுப்புப் பரிசோதனைக்கு வருஷத்துக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஆனால் அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். என் மகன் புதிய முறைக்கு மாறிவிட்டான், அவனுக்கு இல்லை. புதிய முறையிலும் இந்த ஒன்றையாவது கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். மில்லில் இருந்ததைப் போலவே சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். வண்டி ஆயில், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், மேல்தொட்டி கழுவுவது, மாடிக் குழாய், கேஸ் குழாய், என் கண், அவளுடைய ரத்த அழுத்தம், இருவருக்கும் பல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி. தேதி இருந்தால்தான் வேலை நடக்கும். கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, சிலையைப் பீடத்தோடு பிடித்துவைக்கும் அஷ்டபந்தனத்தைப் புதுப்பித்துக் குடமுழுக்குச் செய்யவேண்டும் என்று பெரியவர்கள் கணக்கு வைத்தார்களே, சாமி பீடம் ஆட ஆரம்பித்த பிறகு பார்க்கலாம் என்றா விட்டார்கள்?

பணத்துக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. ஒன்றாம் தேதி பென்ஷனும் மகன் அனுப்புவதும் வந்தவுடன், பால்காரருக்கு எடுத்துவைப்பதைப் போலவே என் மனைவி அதில் எழுநூறு ரூபாய் போட்டுவிடுவாள். மாதக் கடைசியில் மிச்சமிருந்தால் போடலாம் என்று இருந்த காலத்தில் ஒரு மாதம்கூட மிஞ்சியதில்லை. அந்தத் தூக்கில் வேறு எதற்கும் கை வைக்கக்கூடாது என்பதில் அவள் என் பழைய மேஸ்திரியைவிடக் கண்டிப்பு. "ஏனுங்க, போன வருஷம் அதுலருந்து பேத்திக்கு கொலுசு எடுத்தீங்களே, திருப்பி வெச்சீங்களா?" என்று இன்றும் கேட்கிறாள். வைத்துவிட்டேன்.

பட்டறையை இப்போது அண்ணன் மகன் நடத்துகிறான். முப்பத்து நான்கு வயது. அப்பாவுக்கு இருந்ததால் அவனையும் பார்த்துவிட வேண்டும் என்று போன மாதம் நானே கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. இன்னும் வியாதியாகவில்லை, இப்போதே நடையும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால் தள்ளிப்போகும் என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். போன சனிக்கிழமை மாலை பட்டறைக்குப் போயிருந்தேன். பையன் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுவரில் அண்ணன் கையெழுத்தில் எண்ணெய் மாற்றிய தேதிகள் வரிசையாக இருக்கின்றன, யாரும் அழிக்கவில்லை. அதற்குக் கீழே அவன் சாக்பீஸால் எழுதியிருக்கிறான்: 'கியர்பாக்ஸ் ஆயில் – 10ஆம் தேதி. எனக்கு ரத்தம் – 14ஆம் தேதி.'

அந்த ஏழாவது யோசனையை வரும் ஞாயிற்றுக்கிழமை திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மனைவியைப் போல அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.